புயல் பொய்த்த வாரத்தில் ஒரு ஸ்டார்ம் சேசிங் டூர்: ஐந்துக்கு நாலு ஸ்டார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாங்கள் போன டூரில் டொர்னேடோ என்கிற சுழல்காற்று வரவில்லை. மே மாதக் கடைசி, ஓக்லஹோமா சிட்டியில் கிளம்பி அங்கேயே திரும்பி வரும் டூர், சீசனின் உச்சம் என்று எல்லோரும் சொல்லும் நேரம். ஆனால் ராக்கி மலையில் இருந்து மிசிசிப்பி ஆறு வரைக்கும் அந்த வாரம் பெரும்பாலும் வெறும் நீலம்தான். இருந்தும் நாலு ஸ்டார் கொடுக்கிறேன். நாலும் கைடுக்கு, பிடித்துவைத்த ஒன்று கம்பெனி ஆபீஸுக்கு. கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பணம் கட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் வரை டெக்சஸ், ஓக்லஹோமா, கான்சஸ், நெப்ராஸ்கா, கொலராடோவின் கிழக்குப் பாதி என்று பரந்து கிடக்கிற அமெரிக்கச் சமவெளியில் வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு இடிமேகங்களைத் தேடிப் போகிற டூர்கள் நிறைய இருக்கின்றன. ஒரு வாரம், பத்து நாள் என்று பேக்கேஜ். எங்களுக்கு மோட்டல் அறை கட்டணத்தில் சேர்த்தி, சாப்பாடு நம் கைக்காசு, விமான டிக்கெட் தனி. எல்லாம் சேர்த்தால் சின்னத் தொகை கிடையாது. நானும் என் மச்சானும் நியூஜெர்சியில் இருந்து போனோம். அவனுக்கு இந்த மேகப் பைத்தியம் பள்ளிக்கூடக் காலத்தில் இருந்தே உண்டு, நான் துணைக்குப் போன ஆள்.

கம்பெனி மேல் எனக்குள்ள வருத்தத்தை முதலில் கொட்டிவிடுகிறேன், அப்புறம் நல்லதைப் பேசலாம். அவர்கள் வெப்சைட்டைத் திறந்தால் முதல் வீடியோவிலேயே டொர்னேடோ மேல் டொர்னேடோ, பின்னணியில் அதிரும் இசை. டொர்னேடோவுக்கு உத்தரவாதம் இல்லை என்ற வரி ஒப்பந்தத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கிறது. உத்தரவாதம் யாராலும் தர முடியாது, அது புரிகிறது. ஆனால் புக்கிங் சமயத்தில் போனில் பேசியவர் "மே கடைசிதானே, கவலையே படாதீங்க" என்று சொல்லித்தான் பணத்தை வாங்கினார். வருடத்துக்குச் சராசரியாக 1,200 டொர்னேடோ பதிவாகிற நாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் நிறையத் தென்கிழக்கு மாநிலங்களின் காட்டுக்குள்ளேயும் ராத்திரியிலும் வருபவை, அவற்றை எந்த டூரும் காட்டப்போவதில்லை. டொர்னேடோவின் கடுமையை 0 முதல் 5 வரை தரம் பிரிக்கிற அளவுகோலுக்கு இஎஃப் என்று பேர், 2018இல் வருடம் முழுக்க நாட்டில் எங்குமே இஎஃப்4 அளவுக்கு ஒரு டொர்னேடோகூடப் பதிவாகவில்லை. வானம் அமைதியாகிவிட்டால் உங்களை என்ன செய்வோம் என்று வெப்சைட்டில் ஒரே ஒரு பத்தி எழுதி வைத்திருந்தால் நான் ஐந்தாவது ஸ்டாரையும் கொடுத்திருப்பேன். சீசன் நடுவே கூட அப்படிப்பட்ட நாட்கள் வரத்தான் செய்யும், டவுன் டே என்று இவர்களே பேர் வைத்திருக்கிறார்கள், விற்கும்போது மட்டும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

சரி, கைடு. கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், மோட்டலின் சாப்பாட்டு அறையில், வாஃபிள் மெஷினுக்குப் பக்கத்து டிவியில் லேப்டாப்பை மாட்டிவிட்டு அவர் எங்களிடம் சொன்ன முதல் விஷயம்: "உங்களிடம் பொய் சொல்லிவிட்டு ஒரே வேனில் உங்களோடு உட்கார என்னால் முடியாது. இந்த வாரம் மோசம்." மச்சான் என் காதில் "போச்சுடா" என்றான். இங்கிலாந்தில் இருந்து வந்திருந்த ஒரு வயதான ஜோடி மட்டும் சிரித்தார்கள், அவர்களுக்கு இது புதிதில்லை போல.

ஏன் மோசம் என்று அவர் விளக்கியதிலேயே காசில் ஒரு பங்கு வந்துவிட்டது. நாங்கள் வருவதற்குச் சற்று முன்னால் குளிர்முகம் என்கிற குளிர்ந்த காற்றின் முன்விளிம்பு தெற்கே இறங்கி, மெக்சிகோ வளைகுடாவில் இருந்து வர வேண்டிய ஈரத்தை எல்லாம் கடலுக்கே திருப்பித் தள்ளிவிட்டதாம். அது போன கையோடு மேல்மட்டத்தில் ரிட்ஜ் என்கிற உயர் அழுத்த மேடு வந்து சமவெளி மேல் உட்கார்ந்துகொண்டது. மேல்மட்டத்தில் வேகமாக ஓடும் காற்றாறான ஜெட் ஸ்ட்ரீம் அதைச் சுற்றிக்கொண்டு கனடா பக்கம் போய்விட்டது. பெரிய புயலுக்கு ஈரம் வேண்டும், நிலையில்லாத காற்று வேண்டும், உயரம் ஏற ஏறத் திசையும் வேகமும் மாறுகிற காற்று வேண்டும், இதையெல்லாம் கிளப்பிவிட ஒரு தூண்டுதலும் வேண்டும். "இந்த நாலில் நம் கையில் இப்போது அரைதான் இருக்கிறது" என்றார். நார்மன் ஊரில் இருக்கிற ஸ்டார்ம் பிரெடிக்‌ஷன் சென்டர் எட்டு நாளைக்கு முன்கூட்டியே அபாய வரைபடம் போடும். அடர்பச்சையில் தொடங்கி மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, மெஜந்தா என்று ஐந்து படி. நாலாம் நாளில் இருந்து எட்டாம் நாள் வரை எங்களுக்கு இருந்தது வெறும் வெள்ளை, மேலே வாய்ப்பு மிகக் குறைவு என்ற வாசகத்தோடு. அவர் அதை மூடி மறைக்காமல் பெரிதாக்கியே காட்டினார்.

அப்புறம் ஒரு வெள்ளைத் தாளில் நாள்வாரியாகக் கோடு போட்டு, எந்த நாளில் எங்கே கொஞ்சமாவது வாய்ப்பு, எந்த நாளில் சுத்தமாக இல்லை, அன்றைக்கு என்ன பார்க்கலாம் என்று எழுதிச் சுவரில் ஒட்டினார். டெக்சஸ் எல்லைப் பக்கம் ஒரு நாள், "பத்தில் ஒன்று" என்று எழுதினார். கொலராடோ மேட்டு நிலத்தில் வாரக் கடைசியில் ஒரு நாள், அதற்குப் "பத்தில் நாலு." மற்றவை பூஜ்யம். இந்தப் பூஜ்யத்தை எழுதுகிற துணிச்சல் எத்தனை பேருக்கு இருக்கும் என்று தெரியவில்லை, ஏனென்றால் வாடிக்கையாளர் மூஞ்சி தொங்குவதைப் பார்த்துக்கொண்டே எழுத வேண்டும்.

முதல் பூஜ்ய நாள் நார்மனில். நேஷனல் வெதர் சென்டர் கட்டடம், 2006இல் திறந்தது, ஓக்லஹோமா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. கைடு முன்கூட்டியே பேசி அனுமதி வாங்கியிருந்தார். நாடு முழுக்கப் புயல் அபாய வரைபடம் போடுகிறவர்கள் உட்கார்ந்திருக்கும் அறையைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். அன்றைக்கு அவர்களுக்கும் வேலை கம்மி, ஒருவர் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார். எனக்கு அதைவிடப் பிடித்தது மெசோநெட் பற்றிய பேச்சு. ஓக்லஹோமா மாநிலத்தின் 77 கவுண்டியிலும் குறைந்தது ஒன்று என்று மொத்தம் 120 தானியங்கி நிலையங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பம், காற்று, ஈரம், மண்ணின் சூடு வரைக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். 1994இல் இருந்து ஓடுகிறது. கைடு போனில் அந்த வரைபடத்தைத்தான் நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார், நாங்களும் மூன்றாம் நாளுக்குள் அதற்கு அடிமையாகிவிட்டோம்.

அன்று சாயங்காலம் எல் ரீனோவுக்குத் தெற்கே, கோதுமை வயலுக்கு நடுவில் ஒரு மண்சாலையில் நிறுத்தினார். 2013 மே 31 அன்று அங்கே வந்த டொர்னேடோ 2.6 மைல் அகலம், பதிவானவற்றிலேயே அகலமானது. டிம் சமராஸ், அவர் மகன் பால் சமராஸ், கார்ல் யங் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் காரோடு அதில் அகப்பட்டு இறந்தார்கள். நகரும் ரேடார் அளந்த காற்று மணிக்கு 300 மைலை ஒட்டி இருந்தும், தரையில் கிடந்த சேதத்தை வைத்துத்தான் தரம் பிரிப்பார்கள் என்பதால் கணக்கில் அது இஎஃப்3 தான். எவ்வளவு வேகமாகத் திசை மாறியது, எவ்வளவு வேகமாகப் பெருத்தது என்று போனில் ரேடார் படத்தை ஓடவிட்டு, நாங்கள் நின்ற சாலையோடு பொருத்திக் காட்டினார். "நான் ஏன் கிட்டே போகமாட்டேன் என்று புயல் நாளில் யாராவது கேட்டால் அப்போது விளக்க நேரம் இருக்காது, அதனால் இன்றைக்கே" என்றார். சும்மா இருக்கிற நாளை இப்படிப் பயன்படுத்துகிற கைடு கிடைத்தால் விடாதீர்கள்.

பத்தில் ஒன்று என்று எழுதிய நாளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். டெக்சஸின் வடக்கு நீட்சியான பான்ஹேண்டிலின் கிழக்கு ஓரத்தில் ஷாம்ராக் என்று ஒரு ஊர், அங்கே 1936இல் கட்டின யூ டிராப் இன் என்ற அழகான பழைய பெட்ரோல் பங்க் இருக்கிறது, இப்போது சுற்றுலா அலுவலகம். அதன் நிழலில்தான் எங்கள் காத்திருப்பு. காலை ஏழு மணிக்கு அமரிலோவில் பறக்கவிட்ட பலூனின் அளவீட்டைக் கைடு ஏற்கெனவே எங்களுக்குப் படித்துக் காட்டியிருந்தார். பத்தாயிரம் அடி உயரத்தில் வெப்பம் 13 டிகிரி செல்சியஸ். மெக்சிகோ மேட்டு நிலத்தில் இருந்து வருகிற சூடான வறண்ட காற்று அந்த உயரத்தில் மூடி போட்டு உட்கார்ந்துவிடும், கீழே கொதிக்கிற ஈரக்காற்று அதை முட்டி உடைத்தால்தான் இடிமேகம். 12 டிகிரியைத் தாண்டினால் உடைவது கஷ்டம் என்பது துரத்துகிறவர்கள் வைத்திருக்கும் குத்துமதிப்பான கணக்கு. பதினொன்றரை மணிக்கு வந்த புது வரைபடத்தில் எங்கள் தலைக்கு மேல் அடர்பச்சை, அதாவது ஐந்தில் முதல் படி. வேனுக்குள் ஒரே கைதட்டல். கைடு மட்டும் தட்டவில்லை. "இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

மத்தியானம் மேற்கே மேகக் குவியல்கள் வரிசையாக எழும்ப ஆரம்பித்தன. அப்போதுதான் பாடம் நடந்தது. மேகத்தின் மேல் விளிம்பு வெட்டினதுபோல் கூர்மையாக, முண்டும் முடிச்சுமாக இருந்தால் உயிர் இருக்கிறது, மேலே ஏறுகிறது. விளிம்பு பிசிறாகிப் பஞ்சு பிரிகிற மாதிரி ஆனால் மேலே வறண்ட காற்று அதைத் தின்றுகொண்டிருக்கிறது. ஒவ்வொருவரையும் ஒரு மேகத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அது எத்தனை நிமிடம் தாக்குப் பிடிக்கிறது என்று பார்க்க வைத்தார். மச்சானின் மேகம் நல்ல உயரத்துக்குப் போய், கழுத்து மெலிந்து, தலை தனியாகக் கழன்று மறைந்தது. டர்க்கி டவர் என்று இவர்கள் கிண்டலாகச் சொல்வது இதைத்தானாம். இங்கிலாந்துக்காரப் பாட்டியின் மேகம்தான் கடைசி வரைக்கும் நின்றது, அந்த அம்மா ராத்திரி சாப்பாட்டில் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

நாலரை மணி வாக்கில் கைடு எல்லோரையும் வேனை விட்டு இறக்கி, வெறும் கையை நீட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார். டிரைலைன் நெருங்குகிறது. கிழக்கே வளைகுடாவின் ஈரக்காற்று, மேற்கே பாலைவனக் காற்று, இரண்டுக்கும் நடுவில் ஓடும் எல்லைக்கோடு அது. நிஜமான புயல் நாளாக இருந்தால் இந்நேரம் நாம் ஐம்பது மைல் கிழக்கே ஓடியிருப்போம், இன்று ஓட வேண்டிய அவசியம் இல்லை, நின்று உணர்ந்து பாருங்கள் என்றார். அதுவரை முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. தெற்கே இருந்து வீசிய காற்று ஒரு நிமிடம் தயங்கி, மேற்கே திரும்பிச் சூடாக அடித்தது, செம்மண் வாசனை, உதடு உடனே காய்ந்தது. கைடு கையில் இருந்த, காற்றையும் ஈரத்தையும் அளக்கிற கெஸ்ட்ரல் மீட்டரை ஆளுக்கு ஆள் மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தோம், காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டும் டியூ பாயிண்ட் 57 ஃபாரன்ஹீட்டில் இருந்து இறங்க ஆரம்பித்துக் கால் மணி நேரத்துக்குள் 30க்கும் கீழே போய்விட்டது. கை முடியில் இருந்த வியர்வை உலர்வது தெரிந்தது. தூரத்தில் புழுதி ஒரு மங்கலான சுவராக எங்களைத் தாண்டிக் கிழக்கே நகர்ந்தது. டொர்னேடோ வீடியோ ஆயிரம் பார்த்திருக்கிறேன், இதை எந்த வீடியோவும் எனக்குச் சொன்னதில்லை.

ஏழரைக்கு வெயில் சாய்ந்ததும் கைடு சொன்னது ஒரே வார்த்தை, "முடிந்தது." புயலே வராமல் வானம் நீலமாகவே முடிகிற இதற்கு ப்ளூ ஸ்கை பஸ்ட் என்று பேர். வேறு ஒரு கம்பெனி வேன் அதே பங்கில் நின்றிருந்தது, அவர்கள் இன்னும் நம்பிக்கையோடு வடக்கே கிளம்பினார்கள், ராத்திரி பதினொன்றுக்கு நாங்கள் தங்கிய மோட்டலுக்கே களைத்துப்போய் வந்து சேர்ந்தார்கள். நாங்கள் அதற்குள் குளித்து, சாப்பிட்டு, துணியும் துவைத்துவிட்டோம். ஓடினால்தான் வாடிக்கையாளர் காசுக்கு வேலை நடந்ததாக நினைப்பார் என்று பயந்து சும்மா வண்டி ஓட்டுகிற கைடுகள் இருக்கிறார்கள், இவர் அந்த ரகம் இல்லை.

சாப்பாடு பற்றிக் கேட்பீர்கள். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பிரச்சினையே இல்லை, மாட்டிறைச்சி நாடு அது. டாட்ஜ் சிட்டி, கார்டன் சிட்டி பக்கம் மாட்டுப் பட்டிகளின் வாசனையே பல மைல் முன்னால் வரவேற்கும். சைவக்காரர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன்: இறைச்சி ஆலைகளில் வேலை பார்க்க வந்த குடும்பங்களால் இந்தச் சின்ன ஊர்களில் எல்லாம் நல்ல மெக்சிகன் கடைகள் உண்டு, அங்கே போய்விடுங்கள், ஆனால் பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்களா என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள். கைடு எனக்காக இரண்டு இடத்தில் அவரே உள்ளே போய் விசாரித்து வந்தார். மோட்டல்கள் சுமார், சுத்தம், அவ்வளவுதான். ஒரு இடத்தில் முதலாளி குஜராத்திக்காரர், எங்கள் முகத்தைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு இஞ்சி டீ கொடுத்தார். இந்தப் பயணத்திலேயே நான் குடித்த ஒரே நல்ல டீ.

பாலோ டுரோ பள்ளத்தாக்கு, அமரிலோவுக்கு மேற்கே தரையில் மூக்கு குத்தி நிற்கும் பத்து காடிலாக் கார்கள், இதெல்லாம் ஒரே நாளில். பள்ளத்தாக்கு 120 மைல் நீளம், 800 அடி ஆழம், அதற்கு அரை நாள் போதவே போதாது. கைடு மேல் எனக்குள்ள ஒரே புகார் இது. கார்களுக்குச் செலவழித்த நேரத்தைப் பள்ளத்தாக்குக்குக் கொடுத்திருக்கலாம். 1974இல் நட்டுவைத்தவை, யார் வேண்டுமானாலும் பெயிண்ட் அடிக்கலாம், மச்சான் பேரை எழுதிவிட்டு வந்தான், சரி.

அடுத்த நாள் கொலராடோவுக்கு 450 மைலுக்கு மேல் வண்டி. இந்த மாதிரி நாளில்தான் கைடு வாயைத் திறக்கிறாரா, பாட்டுப் போட்டுவிட்டு உட்காருகிறாரா என்று தெரியும். டால்ஹார்ட் தாண்டும்போது ஆரம்பித்தார். 1943 ஜூலையில் அந்த ஊர் விமானத் தளத்தில் இருந்து பயிற்சிக்குக் கிளம்பிய குண்டுவீச்சு விமானம் ஒன்று, ராத்திரியில் வழி தவறி, ஓக்லஹோமாவின் பாய்ஸ் சிட்டியில் கோர்ட்டைச் சுற்றி எரிந்த விளக்குகளை இலக்கு என்று நினைத்துப் பயிற்சிக் குண்டுகளைப் போட்டுவிட்டதாம். யாருக்கும் அடி இல்லை. நாங்கள் அதே கோர்ட்டைச் சுற்றிக்கொண்டுதான் போனோம். அதே ஊர்தான் 1930களில் புழுதிப் புயல்களின் நடுமையம். 1935 ஏப்ரல் 14, கறுப்பு ஞாயிறு என்று பேர். ஆழமாக உழுது புல்வேரைப் பிடுங்கிப்போட்ட நிலத்தில் மழை பொய்த்ததும் மண் எப்படிக் கிளம்பியது என்று அவர் ஜன்னலுக்கு வெளியே வயலைக் காட்டிக் காட்டிச் சொன்னதில் மூன்று மணி நேரம் போனது தெரியவில்லை. பின் சீட்டில் இருந்தவர்களுக்குப் பாதி கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேனில் ஒரு மைக் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

பத்தில் நாலு என்று சொன்ன இடம், கொலராடோவின் வடகிழக்கு மூலை. ரிட்ஜ் இருக்கும்போது மேல்காற்று அதன் தோளைச் சுற்றி வடமேற்கில் இருந்து வரும், தரையில் கிழக்குக் காற்று சமவெளியின் மிச்சம் மீதி ஈரத்தை மேட்டில் ஏற்றிவிடும். நிலமே நாலாயிரம், ஐயாயிரம் அடியில் இருப்பதால் ஓக்லஹோமாவில் ஒன்றுக்கும் உதவாத ஈரம் அங்கே போதும். அன்று டியூ பாயிண்ட் வெறும் 50. கைடு இதற்காகத்தான் இரண்டு நாள் முன்பிருந்தே எங்களை மெல்ல மெல்ல வடக்கே நகர்த்திக்கொண்டு வந்திருக்கிறார், பள்ளத்தாக்கில் அவசரப்படுத்தியதன் காரணமும் அப்போதுதான் புரிந்தது, இருந்தாலும் என் புகார் புகார்தான்.

ஸ்டெர்லிங்குக்கு வடக்கே பீட்ஸ் என்ற குட்டி ஊர், சுற்றிலும் காற்றாலைகள். அஞ்சு மணிக்கு மேற்கே ஷயென் மேட்டில் ஒரு மேகம் எழும்பியது, விளிம்பு கூர்மை, இந்தத் தடவை அவர் சொல்லும் முன்னாலேயே பாட்டி சொல்லிவிட்டார். ஒரு மணி நேரத்தில் அது தனி மரமாக நின்றது. சூப்பர்செல் என்கிற சுழலும் பெரிய இடிமேகம், மழை அதிகம் இல்லாத ரகம், எல்பி என்பார்கள், அதனால் முழு உடம்பும் வெளியே தெரிந்தது. அடியில் தட்டையான கருநீலத் தளம், அதன் மேல் திருகின திருகலாக வரிவரியாய் ஏறும் மேகத் தூண், சாயங்கால வெயில் பட்டுச் செம்பு நிறம். சுற்றுவது கண்ணுக்கே தெரிகிறது, ஆனால் நேராகப் பார்த்தால் தெரியாது, ஒரு காற்றாலைக் கம்பத்தை அடையாளம் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் வரிகள் இடமிருந்து வலமாக நகர்வது பிடிபடும். அந்த யோசனையும் கைடுதான் சொன்னார். மூன்று, நாலு மைல் தள்ளித் தென்கிழக்கே நிறுத்தியிருந்தார், எப்போது நகர வேண்டும், எந்தச் சாலை என்று முன்பே சொல்லி வைத்திருந்தார், இரண்டு தடவை இடம் மாற்றினோம், ஒரு தடவை கூட அவசரம் இல்லை. ஆலங்கட்டி எங்கள் மேல் விழவில்லை, பின்னால் போய்ச் சாலையோரப் புல்லில் பொறுக்கினோம், கால் ரூபாய் அகலம் இருக்கும். முக்கால் மணி நேரத்தில் தூண் மெலிந்து கயிறாகிப் போய்விட்டது. கைடு "டொர்னேடோவுக்கு இதில் ஈரம் பத்தாது" என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்ததால் யாரும் ஏமாறவில்லை. மச்சான் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டான், புழுதி என்றான்.

திரும்பும் வழியில் நெப்ராஸ்காவின் அலையன்ஸில் 39 பழைய கார்களை வைத்து இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம் மாதிரி கட்டியிருக்கும் கார்ஹெஞ்ச், வேடிக்கை, அரை மணி போதும். அப்புறம் கான்சஸில் கிரீன்ஸ்பர்க். 2007 மே 4 ராத்திரி ஒரு இஎஃப்5 டொர்னேடோ ஊரில் கிட்டத்தட்ட 95 சதவீதத்தைத் துடைத்துவிட்டது. 11 பேர் இறந்தார்கள். அங்கே கையால் தோண்டிய 109 அடி ஆழக் கிணறு இருக்கிறது, 1887இல் தோண்ட ஆரம்பித்தது, அதன் மேலேயே அருங்காட்சியகம் கட்டி ஊரின் கதையை வைத்திருக்கிறார்கள். ஊரில் மரங்கள் எல்லாம் ஒரே வயது, பெரிய மரம் என்று தேடினால் கண்ணில் படுவது கஷ்டம். கைடு அங்கே ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை, எங்களையும் எங்கள் போக்கில் விட்டுவிட்டார்.

கடைசி நாள் ஒருவர், பெயர் வேண்டாம், வேனில் எல்லோர் முன்னாலும் "இதற்கா இவ்வளவு பணம்" என்று கைடிடம் சத்தம் போட்டார். அவர் கோபம் நியாயமானதுதான், ஆள்தான் மாறிவிட்டது. கைடு சப்பைக்கட்டு கட்டாமல், எதிர்வாதமும் பண்ணாமல், "நீங்கள் சொல்வதை ஆபீஸில் சொல்கிறேன், நீங்களும் எழுதுங்கள்" என்று மெயில் முகவரியைக் கொடுத்தார். நானும் எழுதினேன். பதிலாக வந்தது அடுத்த வருடத்துக்குத் தள்ளுபடி என்ற விளம்பரம், அதே டொர்னேடோ படங்களோடு.

யாருக்கு இது சரிப்படும் என்றால், மேகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மத்தியானத்தைக் கழிக்க முடிகிறவர்களுக்கு. டொர்னேடோ போட்டோ எடுத்தே ஆக வேண்டும் என்று போகிறவர்கள் குறைந்தது இரண்டு, மூன்று சீசனுக்குப் பட்ஜெட் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்தக் காசில் வேறு எங்காவது போங்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு நாள் முழுக்க வேன் தாங்காது. புக் பண்ணும் முன்னால் ஆபீஸில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வானம் அமைதியாக இருந்தால் அந்த நாட்களில் எங்களை எங்கே கூட்டிப் போவீர்கள், யார் கைடு? பதில் "கவலைப்படாதீங்க" என்று வந்தால் போனை வைத்துவிட்டு அடுத்த கம்பெனியைக் கூப்பிடுங்கள். டிப்ஸ் கட்டணத்தில் சேராது, கடைசி நாள் கைடு கையில் நேராகக் கொடுத்துவிடுங்கள், வாந்தி வருகிறவர்கள் மாத்திரை கொண்டுபோங்கள், கடைசி வரிசையில் ஏசி எட்டாது.